மலையுச்சிக் கல்வட்டங்களைச் சட்டம் காப்பாற்றுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊருக்கு மேற்கே உள்ள குன்றின் உச்சியில் பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவில் சிறு கற்களை மேடாகக் குவித்த இடங்கள் பல இருக்கின்றன. ஒன்றில் நாலு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடியிருக்கிறது. கிழக்குப் பலகையில் வட்டமான துளை. ஊரில் "பாண்டவர் வீடு" என்பார்கள். இப்போது குன்றைக் கல் குவாரிக்கு விடப் போகிறார்கள் என்று பேச்சு. "இவ்வளவு பழைய இடத்தில் குவாரி வைக்கச் சட்டம் விடாது" என்கிறார்கள் சிலர். "போர்டே இல்லாத இடத்துக்கு என்ன சட்டம்?" என்கிறார்கள் சிலர். சரிவில் எங்கள் குடும்பத்துப் பட்டா நிலமும் இருக்கிறது. அரசு எடுத்துக்கொள்ளுமோ என்று என் மாமனாருக்குப் பயம். ஒரு மேட்டை யாரோ புதையல் தேடித் தோண்டிவிட்டார்கள். அங்கிருந்து மாணவர்கள் எடுத்துவந்த பானை ஓடுகளும் ஓர் இரும்புத் துண்டும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் வர்ணனையையும் நீங்கள் அனுப்பிய படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, அவை பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது பெரிய கற்களை வைத்து இறந்தோருக்கு எழுப்பிய நினைவிடங்கள், என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வட்டமும் நடுவில் மேடுமாக இருப்பவை கல்வட்டத்தோடு கூடிய கற்குவைகள். பலகைக்கல் அறை கற்திட்டை. அந்தத் துளையை இடுதுளை என்பார்கள். உங்கள் மாவட்டத்திலேயே மல்லசந்திரம் குன்றின் மேல் இப்படிப்பட்ட கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. கர்நாடகத்தில் கொப்பள் பக்கம் ஹிரே பெணகல் மலையில் சுமார் நானூறு இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் அந்த மலை சேர்ந்தது. உங்கள் குன்று அந்த வரிசையில் வைத்துப் பேச வேண்டிய இடம். அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் பேசுகிற இரண்டு தரப்பிலும் பாதி உண்மை இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் "பழங்கால நினைவுச்சின்னம்" எது என்று சொல்லும்போது, கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. புதைமேடு, இறந்தோரை அடக்கம் செய்த இடம், குகை, கல்வெட்டு, ஒற்றைக்கல் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. குறைந்தது 100 ஆண்டு பழமை இருந்தால் போதும். அந்த வரையறைக்குள் உங்கள் குன்று தாராளமாக வரும்.

ஆனால் வரையறைக்குள் வருவது வேறு, பாதுகாப்புக்குள் வருவது வேறு. அந்தச் சட்டத்தின் பல் எல்லாம் அரசிதழில் "தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது" என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்குத்தான். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பதும், 100 மீட்டருக்குள் கட்டுமானமோ குவாரியோ கூடாது என்பதும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதியோடுதான் எதையும் செய்யலாம் என்பதும் அறிவிக்கப்பட்ட சின்னத்துக்குத்தான் பொருந்தும். தமிழ்நாட்டுக்கென்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதிலும் மாநில அரசு அறிவித்தால்தான் அந்த இடம் "பாதுகாக்கப்பட்ட சின்னம்" ஆகும். இன்றைய தேதியில் உங்கள் குன்று எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், அதன் வயது மட்டும் ஒரு பொக்லைனைக்கூட நிறுத்தாது. இதைக் கசப்பாகத்தான் சொல்கிறேன். எத்தனையோ ஊர்களில் "தொல்லியல் இடம்தானே, யாரும் தொட மாட்டார்கள்" என்று நம்பி இருந்துவிட்டு, வெடிச்சத்தம் கேட்ட பிறகுதான் மனு எழுத உட்கார்கிறார்கள். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதல் வேலை, அந்தக் குன்று வருவாய்த் துறைக் கணக்கில் என்னவாக இருக்கிறது என்று பார்ப்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு) புல வரைபடத்தையும் கேளுங்கள். உச்சி எந்தப் புல எண்ணில் வருகிறது, அது கரடா, பாறைப் புறம்போக்கா, மேய்ச்சல் நிலமா, பட்டாவா, காப்புக்காடா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் போங்கள். வனச் சட்டங்களின்படி அங்கே குவாரிக்கு அனுமதி வாங்குவது எளிதில்லை, பாதி வேலை முடிந்த மாதிரி. புறம்போக்கு என்றால்தான் ஆபத்து அதிகம். அரசுப் புறம்போக்கில் உள்ள கல்லை மாவட்ட நிர்வாகமே புல எண்களைப் பட்டியல் போட்டு ஏலம் விட முடியும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது உச்சி வரை ஏறிப் பார்த்துக் கல்வட்டத்தை அடையாளம் சொல்லக்கூடியவர் உடன் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கணக்கில் "பாறை" என்று இருக்கிறது, பாறையாகவே ஏலத்துக்குப் போகிறது.

அதனால் உங்கள் மனு ஏல அறிவிப்புக்கு முன்னால் கோப்பில் இருக்க வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மாவட்ட ஆட்சியர், புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகம், சென்னையில் உள்ள மாநிலத் தொல்லியல் துறை ஆணையர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் ஆகிய நால்வருக்கும் ஒரே மனுவை ஒரே நாளில் அனுப்புங்கள். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொள்ளலாம். பின்னால் யாராவது "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது.

மனுவில் என்ன இருக்க வேண்டும்? உணர்ச்சி குறைவாக, அளவு அதிகமாக. "மூவாயிரம் ஆண்டுப் பழமையான", "உலகின் முதல்" என்றெல்லாம் எழுத வேண்டாம். உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று கணித்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியில் ஓர் ஈமப்பேழைக்கு (சுடுமண் சவப்பெட்டி) பொ.ஆ.மு. 1692 என்று காலம் கிடைத்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய செய்திகள்தான். ஆனாலும் அவை அந்தந்த இடத்தின் அந்தந்த மாதிரிக்கு உரிய காலங்கள். உங்கள் குன்றில் யாரும் இன்னும் அகழவில்லை, எனவே அதற்குக் காலம் சொல்ல முடியாது. "பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்" என்று மட்டும் எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கல்வட்டத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். காகிதத்தில் மட்டும்தான், கல்லில் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். வட்டத்தின் குறுக்களவு, வெளியே தெரியும் கற்களின் எண்ணிக்கை, கைபேசியில் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, நாலு திசையிலிருந்தும் அளவுகோல் வைத்து எடுத்த படம், இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கற்திட்டைக்கு மூடுகல்லின் நீளம், அகலம், தடிமன், துளையின் விட்டம், அது பார்க்கும் திசை. பிறகு புல வரைபடத்தின் நகலில் எல்லா எண்களையும் குறித்து மனுவோடு இணையுங்கள்.

இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அறிவிக்கப்பட்ட சின்னங்களே காணாமல் போன நாடு இது. 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நேரில் போய்ப் பார்த்த 1,655 மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களில் 92 அங்கே இல்லை என்றது. பிறகு தேடி எடுத்தவை போக, 50 சின்னங்கள் இல்லை என்று 2022 டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவிடம் கலாச்சார அமைச்சகமே ஒப்புக்கொண்டது. 14 நகர வளர்ச்சியில் போயின. 12 நீர்த்தேக்கங்களில் மூழ்கின. மிச்சம் 24 இடங்கள் எங்கே இருந்தன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2024இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். பழைய பட்டியல்களில் பல இடங்களுக்கு ஊர்ப்பெயரும் ஒரு வரி வர்ணனையும்தான் உண்டு. கற்குவை மாதிரியான, தரையோடு தரையாகக் கிடக்கும் சின்னம் அப்படிப்பட்ட ஒரு வரியை நம்பிப் பிழைக்காது. புல எண், எல்லை, வரைபடம் மூன்றும் வேண்டும்.

மத்தியத் தொல்லியல் துறையிடம் போகலாமா, மாநிலத் துறையிடமா என்று கேட்பீர்கள். என் யோசனை, முதலில் மாநிலத் துறை. மத்திய அறிவிப்புக்கு முதலில் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அதன் நகலைச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, அதைப் பரிசீலித்த பிறகே அறிவிப்பு வரும். மாநிலச் சட்டத்திலும் முன்னறிவிப்பு, ஆட்சேபம் எல்லாம் உண்டு. ஆனால் ஆய்வுக்கு ஆள் வருவதும், ஆட்சியரோடு பேசி ஏலப் பட்டியலிலிருந்து ஒரு புல எண்ணை எடுக்க வைப்பதும் மாநிலத் துறைக்குச் சுலபம். அறிவிப்புக்கு ஆண்டுகள் ஆனாலும், "இவ்விடத்தில் ஈமச்சின்னங்கள் உள்ளன, குவாரிக்குப் பரிந்துரைக்க இயலாது" என்று தொல்லியல் அலுவலர் எழுதும் ஒரு பக்க அறிக்கை உடனடியாக வேலை செய்யும். அந்த ஒரு பக்கத்தைக் குறிவையுங்கள்.

ஏலம் முந்திக்கொண்டால்? அப்போதும் வழி இருக்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்ன பிறகு, சிறிய கல் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விண்ணப்பப் படிவத்திலேயே, சுற்றி 15 கிலோமீட்டருக்குள் பண்பாட்டு மதிப்புக்காகச் சட்டப்படி காக்கப்படும் இடங்கள் உண்டா என்று ஒரு கேள்வி வரும். உங்கள் குன்று பட்டியலில் இல்லாததால் அங்கே "இல்லை" என்று எழுதிவிட முடியும். ஆகவே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் உங்கள் வரைபடத்தோடு ஓர் ஆட்சேபம் போக வேண்டும். அனுமதி கொடுத்தே விட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை ஏற்பார்கள், அதற்கு மேல் கிடையாது. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். இடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, இந்தப் புல எண் குவாரிப் பட்டியலில் உள்ளதா, தொல்லியல் துறையின் கருத்து பெறப்பட்டதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

தொல்லியல் சட்டம் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். அங்கே தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சமணப் படுக்கை, பெருங்கற்காலச் சின்னங்கள், ஊற்றுகள், பறவைகள் எல்லாம் ஒரே மலைத்தொடரில். 2022இல் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் கீழ் சுமார் 193 ஹெக்டேரை மரபுத் தலமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அதுதான் முதல். 2024இல் அதைச் சுற்றிய பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குப் போனபோது, ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. உங்கள் குன்றில் சுனை இருக்கிறதா, கழுகு கூடு கட்டுகிறதா, அரிய மரம் உண்டா என்று குறித்து வையுங்கள். உங்கள் ஊராட்சியின் உயிர்ப்பல்வகைமை மேலாண்மைக் குழு அதை வைத்துப் பேச முடியும்.

இனி உங்கள் மாமனாரின் பயம். அது நியாயமான பயம், லேசாகத் தள்ளிவிடாதீர்கள். சின்னமாக அறிவித்துவிட்டால் நிலம் அரசுடையது ஆகிவிடாது. பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். கையகப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அது தனி நடவடிக்கை, இழப்பீட்டோடு. மத்தியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நிலம் வந்தாலும் விவசாயம் செய்யலாம். மேல்மண்ணை ஓர் அடிக்கு மேல் தோண்டக் கூடாது என்பதுதான் நிபந்தனை. கேழ்வரகுக்கும் கொள்ளுக்கும் அது போதும், தென்னங்குழிக்கும் கிணற்றுக்கும் போதாது. அந்த 100 மீட்டர் தடையைப் பாதுகாக்கப்பட்ட எல்லையின் விளிம்பிலிருந்து அளப்பார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மாநிலப் பட்டியலில் சேரும் இடத்துக்கு இந்த மத்தியக் கணக்கு தானாகப் பொருந்தாது. சென்னைப் பல்லாவரத்தில் ஈமக்காட்டைச் சுற்றி வீடு கட்டியவர்கள் இந்த எல்லைக் கணக்கால் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். அங்கே நகரம் வளர்ந்து சின்னத்தை நெருங்கிய பிறகு சட்டம் கடுமையானது. உங்கள் ஊரில் இப்போதே ஈமச்சின்னங்களின் கடைசிக் கல் வரை சரியாக அளந்து எல்லையைக் கேட்டால், சரிவில் இருக்கிற வீட்டுக்கும் களத்துக்கும் தொந்தரவு வராமல் பார்க்க முடியும். பக்கத்து நிலக்காரர்களையும் அளக்கும்போதே கூட்டிப் போங்கள். ஊரில் பாதிப்பேர் எதிராக நின்றால் எந்த அறிவிப்பும் பாதுகாப்பு ஆகாது.

தோண்டப்பட்ட மேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதையல் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது உடைந்த எலும்பு, கறுப்பு-சிவப்புப் பானை, துருப்பிடித்த இரும்பு, அதிர்ஷ்டம் இருந்தால் சில சூதுபவள மணிகள். சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தப் பானை எலும்புக்கு மேலே இருந்ததா கீழே இருந்ததா, கத்தியின் முனை எந்தப் பக்கம் பார்த்தது, கரித்துண்டு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதெல்லாம் சேர்ந்தால்தான் வரலாறு. மண்வெட்டி ஒருமுறை இறங்கினால் அது போய்விடுகிறது. 1870களின் தொடக்கத்தில் நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ், மலைமுகடுகளில் இருந்த கற்குவைகளைத் திறந்து எடுத்த சுடுமண் உருவங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவ்வளவு அழகானவை. ஆனால் அவற்றின் காலம் பற்றிய விவாதம் இன்று வரை தீரவில்லை. பொருள் கையில் இருக்கிறது, அது கிடந்த சூழல் இல்லை.

ஆகவே, நல்லெண்ணத்தோடுகூட நீங்கள் யாரும் தோண்டக் கூடாது, சுத்தம் செய்யக் கூடாது, சாய்ந்த கல்லை நிமிர்த்தக் கூடாது. பாதுகாக்கப்படாத இடத்தில் மாநில அரசே அகழ வேண்டுமானாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. திறந்து கிடக்கும் குழியை இருப்பது போலவே படம் எடுத்து, காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, அதன் நகலை மனுவில் சேருங்கள். குழியை மூடுவதும் தொல்லியல் அலுவலர் வந்து பார்த்த பிறகுதான். உச்சியில் சிமென்ட் மேடை, வேலி, தீபக்கம்பம், சின்னக் கோயில் என்று யாராவது ஆசையாகக் கிளம்பினால் அவர்களையும் அன்பாக நிறுத்துங்கள். இந்த விஷயத்தில் பக்தியோடு வருகிற கடப்பாரையும் கடப்பாரைதான்.

பள்ளி அலமாரியில் உள்ளவற்றை அங்கேயே வைத்திருக்க வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. மாணவர்கள் அறியாமல் செய்தது, நீங்களே முன்வந்து கொடுத்தால் யாரும் குற்றமாகப் பார்க்கப் போவதில்லை. ஒவ்வொரு பையனிடமும் எந்த இடத்தில் எடுத்தான் என்று கேட்டு, பொருளைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, மேலே எழுதுங்கள். ஓடுகளைக் கழுவ வேண்டாம், இரும்பின் துருவைச் சுரண்ட வேண்டாம். பட்டியலின் இரண்டு நகல் எடுத்து, தாசில்தார் வழியாக ஒப்படைத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடமும் முன்னமே பேசிவிட்டால், ஒப்படைத்த பொருள் எங்கே போகும் என்று மாணவர்களுக்கு நீங்கள் சொல்ல முடியும்.

அவர்களை இனி குன்றுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைத்துப் போங்கள். நாடா பிடித்து அளக்கட்டும், வரையட்டும். கல்வட்டங்களுக்கு எண் கொடுக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களால் நன்றாகவே செய்ய முடியும். படங்களை மட்டும் இடக்குறியோடு முகநூலிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதையல் தேடுகிறவர்களும் அதே பக்கங்களைத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாகக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து வரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் மட்டும் குவாரியை நிறுத்தாது, ஆனால் ஆட்சியர் முன்னாலும் தீர்ப்பாயத்திலும் ஊரே கேட்டது என்பதற்கு அதுதான் ஆதாரம். வாசகம் இப்படி இருக்கட்டும்: "எங்கள் ஊராட்சி எல்லைக்குள், இணைப்பு வரைபடத்தில் காட்டிய புல எண்ணில் உள்ள குன்றின் உச்சியில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் இருக்கின்றன. தொல்லியல் துறை நேரில் ஆய்வு செய்து அறிக்கை தரும் வரை இந்தப் புல எண்ணில் கல் வெட்ட ஏலமோ குத்தகையோ விடக் கூடாது என்றும், இவ்விடத்தை 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்றும் இந்தக் கிராம சபை ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது." தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கி, அதையும் வரைபடத்தையும் எனக்கு அனுப்புங்கள். தொல்லியல் துறைக்குப் போகும் மனுவைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன்.